மூன்று நகல் எடுத்த மாமனார்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் மாமியார் நலமா என்று அவளிடமே கேட்கலாம் என்றால் நாலு நாளாக என்னோடு பேச்சு இல்லை. அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாரே என்று நினைப்பீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே போன் உங்கள் மாமியாரின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதன் பக்கம் நான் போகக்கூடாது என்று உத்தரவு.

போன தடவை வந்தபோது அந்த போனில் இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, "கம்ப்யூட்டரை மட்டும் நம்பாதீங்க மாமா, வெளியில இன்னொரு காப்பி போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சொன்னது யாரிடம்? பதிவறையில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியவனிடம். ஒரு காப்பி என்றால் எனக்குக் கை வருமா? மூன்று பென்டிரைவ் வாங்கினேன். திரையில் நீங்கள் வைத்துவிட்டுப் போன அந்த மஞ்சள் ஃபோல்டரை, மூலையில் குட்டியாக ஒரு அம்புக்குறி இருந்ததே, அதை மூன்றிலும் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. ஆமை என்று எனக்குப் பெயர் வைத்த மேலதிகாரி பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்றுகூட நினைத்துக்கொண்டேன். சும்மா விடவில்லை, சரிபார்த்தேன். ஒவ்வொன்றாகச் செருகித் திறந்தேன். மூன்றிலும் படங்கள் ஒன்று கூடாமல் குறையாமல் இருந்தன. சீட்டு ஒட்டி, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். எங்கள் பதிவறையில் ஒரு விதி உண்டு. நகல் சரிபார்த்தபின் மூலத்தை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அலமாரி தாங்காது. போனும் இடமில்லை இடமில்லை என்று அழுதுகொண்டிருந்ததா, அதைத் துடைத்தேன். பிறகு கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன், நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை பாருங்கள்.

மறுநாள் காலை உங்கள் மாமியார் பேத்தியின் குரலைக் கேட்க வேண்டும் என்றாள். குழந்தை எங்களோடு இருந்த எட்டு மாதத்தில் அவள் போனில் பதிவு செய்து வைத்த மழலை. தினமும் காபியோடு அதைக் கேட்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது. முதல் பென்டிரைவைச் செருகினேன், ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலும் அதே கதை. கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரிடம் ஓடினேன். மூன்றையும் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், இது போட்டோ இல்ல. போட்டோ இருக்கற இடத்துக்கு வழி காட்டற பலகை. மூணு பலகையைப் பத்திரமா வச்சுக்கிட்டு ஊரை இடிச்சுட்டீங்க." நான் சரிபார்த்தபோது திறந்ததெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்த அதே ஒரு மூட்டைதானாம். அழித்ததை மீட்கவும் முடியவில்லையாம்.

மாப்பிள்ளை, படம் போனால் போகட்டும், இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். பேத்தி இப்போது தெளிவாகப் பேசுகிறாள், அந்தத் திக்கல் மழலை இனி அவளுக்கே வராது. படித்த முட்டாள் என்று என் மாமனார் அந்தக் காலத்திலேயே சொன்னார், நான்தான் பொறாமை என்று நினைத்தேன். உங்களிடமோ மகளிடமோ அந்தக் குரல் ஒரு துளி இருந்தாலும் உடனே அனுப்புங்கள். எனக்காக இல்லை, உங்கள் மாமியாருக்காக. சரி, எனக்காகவும்தான்.

மகளுக்கும் பேத்திக்கும் ஆசீர்வாதம். உங்களுக்கும் உண்டு, என்னிடம் கம்ப்யூட்டரை ஒப்படைத்ததை மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
விதிப்படி நடந்து வீணாய்ப்போன
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மாமியார் வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். உள்ளே போய் ஒரு பென்டிரைவோடு வந்தாள். நான் போனைத் தொடுவதற்கு முந்தின நாளே கடைக்குப் போய் எல்லாவற்றையும் ஏற்றி, புடவைக்கு நடுவில் வைத்திருந்தாளாம். "உங்களோட முப்பத்தொம்பது வருஷம் இருக்கேன். இதுகூடவா தெரியாது எனக்கு?" என்றாள். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். "நாலு நாள் வீடு அமைதியா இருந்துச்சு" என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து மழலையைக் கேட்டோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே மேலே எழுதியதை ரத்து செய்துகொள்ளவும். ஆனால் நீங்கள் உடனே புறப்பட்டு வரவும். பாதுகாப்புக்கு அதில் ஒரு நகல் எடுத்து வைக்கட்டுமா என்று நான் கேட்டேன், அந்த நிமிடத்திலிருந்து பென்டிரைவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.