லிஃப்ட் மட்டும் எடுத்துக்காட்டில் இல்லை

பட்டாபிராம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மைத்துனர் தேவராஜுக்கு, உன் மாமா சம்பந்தம் ஆசியுடன் எழுதுவது. மூன்றாம் மாடியில் நாங்கள் இருவரும் நலம். தரையில் நீயும் குடும்பமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் மகள் கவிப்பிரியாவின் வளைகாப்புப் பத்திரிகை கிடைத்தது. முதல் வளையல் அத்தை கையால்தான் என்று நீ ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டிருந்ததை உன் அக்கா என்னை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். அப்படிப்பட்ட விழாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வர முடியாது என்று சொல்லவே இந்தக் கடிதம். பட்டாபிராமிலிருந்து நீ இருக்கும் பாடி என்ன அவ்வளவு தூரமா என்று கேட்பாய். பாடி பக்கம்தான் அப்பா. மூன்றாம் மாடியிலிருந்து தரைதான் தூரம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் என் கைப்பேசியை உன் அக்கா பிடுங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அவளே பேசலாமே என்றால், உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவாளாம். எனவே நடந்ததை நானே வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் நின்று ஒரு மாதம் ஆகிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உன் அக்காவுக்கு லிஃப்ட்தான் கால். லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். அதில் ரிப்பேர், ரெனொவேட், அப்கிரேடு, ரீப்ளேஸ் என்று நான்கு கட்டங்கள். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மூன்று ஞாயிறு சண்டை போட்டும் டிக் விழவில்லை. செயலாளர் ஜெகதீஷ் கணினிக் கம்பெனியில் வேலை செய்யும் பிள்ளை, மிகவும் சுறுசுறுப்பு. அவன் என்னிடம் வந்து, "சார், முப்பத்துநாலு வருஷம் இங்கிலீஷ் நடத்தினவர் நீங்க. நாலுக்கும் என்ன வித்தியாசம்னு வாட்ஸப் குரூப்புல போட்டுடுங்க, ஜனங்களே முடிவு பண்ணட்டும்" என்றான். கேட்டால் மறுக்க முடியுமா? எடுத்துக்காட்டோடு எழுதினேன்.

இங்கே இரண்டு விஷயங்களை நீ தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, எங்கள் சங்கத்தின் நடைமுறை. கூட்டத்தில் முடிவு வராமல் அடிதடி ஆகிறதென்று, குழுவில் எழுத்தில் வரும் எதற்கும் பத்துக் கட்டைவிரல் குறி விழுந்தால் அது தீர்மானம், மறுநாளே வேலை தொடங்க வேண்டும் என்று சென்ற ஆண்டே முடிவுசெய்திருந்தார்கள். இரண்டாவது, என் நடைமுறை. தேர்வுக் கேள்வியையே எடுத்துக்காட்டாகக் கொடுக்கும் வழக்கம் என்னிடம் இல்லை. அப்படிக் கொடுத்தால் மாணவன் எப்படி யோசிப்பான்? ஆகவே லிஃப்டைத் தவிர்த்து மற்றவற்றை வைத்து எழுதினேன். ரிப்பேர்: நம் வாசல் கேட் கிரீச்சிடுகிறது, அதை ரிப்பேர் செய்க. அப்கிரேடு: காவலாளி கஜபதியின் நாற்காலியை அப்கிரேடு செய்க. ரெனொவேட்: இரண்டாம் மாடி எழிலரசி அம்மாவின் குளியலறையை ரெனொவேட் செய்க. ரீப்ளேஸ்: படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியை ரீப்ளேஸ் செய்க.

சார் எழுதியிருக்கிறாரே என்ற மரியாதையில், படித்தவர்களும் படிக்காமல் விட்டவர்களுமாக ஒவ்வொன்றுக்கும் இருபது கட்டைவிரல் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை ஜெகதீஷ் சொல்லி, பூந்தமல்லியிலிருந்து சாதுல்லா மேஸ்திரி ஆட்களோடு வந்தார். எழிலரசி அம்மா கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் குளியலறைச் சுவரில் பாதி இல்லை. நான் ஓடிப்போய், "ஐயா, அது வெறும் எடுத்துக்காட்டு!" என்றேன். அவர் சுத்தியலைக் கீழே வைக்காமலே, "இன்னா சார், எயுத்து கீது, வெரலும் கீது. இப்ப வந்து இல்லன்னா நான் இன்னா பண்றது?" என்றார். போனில் காட்டினார். கட்டைவிரல் போட்டவர்களில் எழிலரசி அம்மாவும் ஒருவர். அன்றிலிருந்து அவர் பக்கெட்டும் சோப்புமாக எங்கள் வீட்டில்தான் குளிக்கிறார். என்னோடு பேசுவதில்லை.

கேட்டையும் சரிசெய்தார்கள். அந்தக் கிரீச் சத்தத்தை நம்பித்தான் கஜபதி பகலில் கண் அசருவார். யார் வந்தாலும் கேட் எழுப்பிவிடும். இப்போது அந்தக் கேட்டும் பேசுவதில்லை, அவருக்குச் சாய்ந்துகொள்ளும் சுழல் நாற்காலியும் வந்துவிட்டது. ஒரு பிற்பகல், எங்களுக்குப் பால் ஊற்றும் ராணியம்மாவின் கறவை மாடு உள்ளே வந்து, அவரை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, படியேறி இரண்டாம் மாடிக்குப் போய் நின்றுகொண்டது. ராணியம்மா வந்து பார்த்துவிட்டு, "சாரே, மாடு ஏறிடும், எறங்காது. கால் வாகு அப்டி. லிஃப்டு எப்ப வரும்?" என்று கேட்டார். காலையும் மாலையும் அவர் இரண்டாம் மாடிக்கே வந்து பால் கறக்கிறார். குடியிருப்பில் காபி மட்டும் நன்றாக இருக்கிறது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். உன் அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு நிமிடம் என்று மெதுவாக இறங்கிவிடலாம் என்றிருந்தாள். அந்தக் கம்பியைத்தான் அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். புதுக் கம்பிக்கு இரண்டு வாரம் ஆகுமாம். நானே சுவரைக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன். "நான் எழுதியவை எடுத்துக்காட்டுகள் மட்டுமே, யாரும் எதையும் செய்ய வேண்டாம்" என்று குழுவில் போட்டேன். நான்கு கட்டைவிரல்தான் விழுந்தது, தீர்மானம் தோற்றுவிட்டது. ஜெகதீஷைக் கேட்டால், "லிஃப்டுக்கு எதுன்னு நீங்க இன்னும் எழுதலையே சார், அதுக்குத்தான் வெயிட்டிங்" என்கிறான். சரி என்று, "மேற்கண்ட நான்கில் லிஃப்டுக்குப் பொருத்தமானது எது? யோசித்து விடை எழுதுக" என்று போட்டேன். முப்பத்தொரு கட்டைவிரல். விடை ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் உன் அக்கா கைப்பேசியைப் பிடுங்கினாள். "ஊர்ல கீற எல்லாத்தயும் எயுதுனீங்களே, லிஃப்டுன்னு ஒரு வார்த்த எயுதக் கூடாதா?" என்றாள். கேள்வியையே எடுத்துக்காட்டாகக் கொடுப்பது முறையில்லை, ராஜகுமாரி என்றேன். "நான் இன்னா பரீட்சையா எயுதறேன்? எங்கண்ணு கவிக்கு மொத வளையல் நான் போடணும்!" என்று சொல்லிவிட்டு, வாங்கி வைத்திருந்த வளையல் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நேற்றிலிருந்து எனக்குச் சோறு உண்டு, குழம்பு இல்லை.

ஆகவே தேவராஜ், முதல் வளையலை வேறு யார் கையாலாவது போடச் சொல்லிவிடு. எல்லாம் என் பிழை. குழந்தைக்கு எங்கள் ஆசிகள் குறையின்றி உண்டு. மூன்று மாடி உயரத்திலிருந்து வருவதால் சற்றுத் தாமதமாகலாம். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
சம்பந்தம்.

பின்குறிப்பு (சனிக்கிழமை காலை): வர முடியாது என்று மேலே எழுதியதை நம்ப வேண்டாம். வியாழன் மாலை உன் அக்கா என் கைப்பேசியில் என் பெயரிலேயே ஒரு பாடம் நடத்தியிருக்கிறாள். "ரிப்பேர். எடுத்துக்காட்டு: லிஃப்டை வெள்ளிக்கிழமைக்குள் ரிப்பேர் செய்க." ஆறு நிமிடத்தில் இருபத்திரண்டு கட்டைவிரல். நேற்று மாலையே லிஃப்ட் ஓடிவிட்டது. முதலில் இறங்கியது மாடு. அடுத்து உன் அக்கா. நாளை வளையலோடு வந்துவிடுவாள், முதல் வளையல் அவளுக்கே இருக்கட்டும். ஆனால் அவள் அத்தோடு நிறுத்தவில்லை. "ரெஃப்ரெஷ். எடுத்துக்காட்டு: சம்பந்தம் சாரைப் பத்து நாள் பாடிக்கு, அவர் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பி ரெஃப்ரெஷ் செய்க" என்றும் எழுதியிருக்கிறாள். நாற்பது கட்டைவிரல், சங்க வரலாற்றில் இதுவே அதிகம். ஜெகதீஷ் கீழே ஆட்டோவை நிறுத்தி வைத்திருக்கிறான். என் பெட்டியைச் சாதுல்லா மேஸ்திரி தூக்கிக்கொண்டு போய்விட்டார். இந்தக் கடிதத்தை நானே உன் கையில் கொடுப்பேன். குளியலறை முடியும் வரை எழிலரசி அம்மா எங்கள் வீட்டிலேயே தங்குகிறாராம். என் சாய்வு நாற்காலியில் இப்போதே உட்கார்ந்துவிட்டார். ரீப்ளேஸ் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு முப்பத்துநான்கு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்ததில்லை.