நீதியரசர் விஷாகாவின் திருத்திய வாழ்க்கை

"பாவம், நல்லா படிச்ச பொண்ணுதானாம். எப்படியோ டாக்டர் ஆகாம, ஜட்ஜ் ஆயிட்டாளாம்."

பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் புளியோதரைக்கு வரிசையில் நின்றபோது, எனக்குப் பின்னால் ஒரு ஆன்ட்டி இன்னொரு ஆன்ட்டியிடம் சொன்னது இது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கிற ரகம் இல்லை நான். ஆனால் யாரைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துவிட்டது. ஃபெடரல் அப்பீல் கோர்ட் நீதிபதி விஷாகா பத்மநாபன். அமெரிக்காவில் அவருக்கு மேலே இருப்பது உச்ச நீதிமன்றம் ஒன்றுதான். கேன்டீன் வரிசையில் பல் டாக்டர்கள்கூட அவருக்கு மேலே இருந்தார்கள்.

இருந்தாலும் நம்மவர் ஆயிற்றே. அவருக்குப் பாராட்டு விழா எடுப்பது என்று எங்கள் ராரிட்டன் கரைத் தமிழ் மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது. அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதி மேடையில் வாசிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறேன் என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். எனக்கு "முடியாது" என்று சொல்ல வராது என்பது உண்மையான காரணம். பொங்கல் விழாவில் நாற்காலி அடுக்குவதும் நான்தான்.

மன்றத்துக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அதே நீதிபதியிடம் ஒரு வருஷம் கிளார்க்காக வேலை பார்க்க நான் விண்ணப்பித்திருந்தேன். கிளார்க் என்றால் ஃபைல் தூக்குகிற வேலை இல்லை. வழக்கைப் படித்து, சட்டத்தைத் தேடி, தீர்ப்பு எழுத நீதிபதிக்கு உதவுகிற வேலை. என் வகுப்பில் எல்லோரும் கனவு காண்கிற வேலை. நேர்காணலில் அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "நான் தப்புப் பண்றேன்னு தோணினா, என் முகத்துக்கு நேரா சொல்வியா?"

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்றேன்.

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அங்கிருந்து தகவல் இல்லை.

வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்க்க மன்றம் மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்தது. தலைவர் அனந்தராமன் அங்கிள், மருந்துக் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கலாசாரச் செயலர் நாகரத்தினம் ஆன்ட்டி. மூன்றாவது நஞ்சப்பன் அங்கிள், கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட், போன மாதம்தான் லேஆஃப் ஆனவர். அப்பீல் கோர்ட்டிலும் மூன்று பேர்தான் உட்காருவார்கள். அங்கே சட்டப் புத்தகம் இருக்கும். இங்கே ஆன்ட்டி வீட்டு பேஸ்மென்டில் முறுக்கு இருந்தது.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். "டெக்சஸ் மாநிலம் இர்விங்கில் சின்ன அபார்ட்மென்ட் ஒன்றில் வளர்ந்தவர். கல்லூரியில் இரண்டு வருஷம் மருத்துவப் படிப்புக்குத் தயார் செய்துவிட்டு, சட்டத்துக்கு மாறினார்..."

"'மாறினார்' வேண்டாம்" என்றார் ஆன்ட்டி. "ஓடிப்போன மாதிரி இருக்கு. 'மருத்துவமும் பயின்றவர்'னு போடு."

"அவங்க முடிக்கல ஆன்ட்டி."

"முடிச்சாங்கன்னு நாம எங்கடி சொன்னோம்?"

சட்டப்படி அதில் குற்றம் காண என்னால் முடியவில்லை. திருத்திக்கொண்டு தொடர்ந்தேன். "வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாத, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, அரசுச் செலவில் ஆறு வருஷம் வாதாடினார்."

"கிரிமினல்ஸ்கூடவா பழக்கம்?" என்றார் அனந்தராமன் அங்கிள். "ஃபேமிலிஸ் எல்லாம் வராங்கம்மா. 'பொதுமக்களோடு எளிமையாகப் பழகினார்'. அவ்வளவு போதும்."

"ஜனாதிபதி இவரை அப்பீல் கோர்ட்டுக்கு நியமித்தார். செனட் ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது என்று அதை உறுதி செய்தது."

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றினார். "நூத்துக்கு அம்பத்தொண்ணா? ஜஸ்ட் பாஸா?"

"அது மார்க் இல்ல ஆன்ட்டி. ஓட்டு."

"என்னவோ ஒண்ணு. எங்க பையன் சுஹாஸ் மேத்ஸ்ல தொண்ணூத்தாறு வாங்கினதையே நான் வெளிய சொல்லல. எடு அதை."

எடுத்தேன். அடுத்து இருந்தது எனக்கு மிகவும் பிடித்த வரி. கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன். "நாற்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் கூட இருந்த இரண்டு நீதிபதிகளோடும் உடன்படாமல், தனியாக மாற்றுத் தீர்ப்பு எழுதியவர்."

"தனியா எழுதினா அது செல்லுமா?" என்று கேட்டார் தலைவர்.

"செல்லாது அங்கிள். ரெண்டு பேர் சொல்றதுதான் செல்லும்."

"அப்போ நாப்பது தடவை தோத்திருக்காங்க."

"அதுதான் அவங்க பெருமையே அங்கிள்..." இந்த வாக்கியம் வாயிலிருந்து வெளியே வந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை. 'அனைவரோடும் ஒத்துப்போகும் இனிய இயல்பினர்' என்ற வரி தாளில் ஏறிவிட்டது. என் கையெழுத்தில்தான்.

அதுவரை முறுக்கில் கவனமாக இருந்த நஞ்சப்பன் அங்கிள் நிமிர்ந்தார். "ஏனம்மிணி, இந்த வேலைல ப்ரமோஷன் உண்டுங்களா?"

"அனேகமா இல்ல அங்கிள்."

"போனஸு?"

"இல்ல."

"லேஆஃப்?"

"கிடையாது அங்கிள். வாழ்நாள் பதவி. லேசுல யாரும் எடுக்க முடியாது."

அவர் முறுக்கைத் தட்டில் வைத்தார். "வாழ்நாள் பூராவுமுங்களா?" என்று சன்னதியில் நிற்கிறவர்போல் கேட்டார்.

நீதித்துறையின் மாண்பு அன்றுதான் எங்கள் ஊருக்குப் புரிந்தது. அடுத்த சனிக்கிழமையே நஞ்சப்பன் அங்கிள் வீட்டில் 'ஜூனியர் ஜட்ஜ் அகாடமி' தொடங்கியது. ஆறு வயதிலிருந்து சேர்க்கை. ஸ்பெல்லிங் பீ போட்டியையும் செஸ்ஸையும் கைவிட்டுப் பிள்ளைகள் கறுப்பு அங்கியில் வந்து இறங்கினார்கள். கைக்குக் கை மரச்சுத்தி. அப்பீல் கோர்ட்டில் சாட்சி இல்லை, ஜூரி இல்லை, சுத்தி தட்டுகிற வேலையும் அதிகம் இல்லை. படிப்பதும் விவாதிப்பதும்தான் என்று எடுத்துச் சொல்லத்தான் அங்கே போனேன். பாடம் நடத்த ஆள் இல்லை என்றார்கள். சரி என்றேன். முதல் வகுப்பில் வெண்பா என்ற குட்டிப் பெண் கையைத் தூக்கி, "கேன் ஐ புட் மை பிரதர் இன் ஜெயில்?" என்று கேட்டாள். முதலில் கீழ்க் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

விழா ஒரு பள்ளி அரங்கத்தில் நடந்தது. வரவேற்புரை, முன்னிலையுரை, நோக்கவுரை, வாழ்த்துரை எல்லாம் முடியும்வரை நீதிபதி முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடை ஏறும் வரைக்கும் நான் உண்மையான குறிப்பைத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் முன் வரிசையில் குழு மூன்று பேரும் தெரிந்தார்கள். ஆன்ட்டி புன்னகைத்தார். நான் வாசித்தேன். "மருத்துவமும் பயின்று, பொதுமக்களோடு எளிமையாகப் பழகி, அனைவரோடும் ஒத்துப்போகும் இனிய இயல்பினரான நீதியரசி..." கடைசி வரிவரை, ஒரு எழுத்து விடாமல். மோசமாக வாதாடுகிற வக்கீலைக் கேட்பதுபோல, மரியாதையாக, எதையும் குறித்துக்கொள்ளாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை போனது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்து நாகரத்தினம் ஆன்ட்டி பொன்னாடையோடு வந்தார். நல்ல பட்டு. உபயம், ஒரு குடியேற்ற வழக்கறிஞர் அலுவலகம். ஜரிகைக் கரையில் அவர்கள் பெயரும் ஃபோன் நம்பரும் நெய்திருந்தன. நீதிபதி கரையைப் படித்தார். எழுந்து நின்று கையைக் காட்டித் தடுத்தார்.

"ஸாரி ஆன்ட்டி. நான் இதை வாங்க முடியாது. இவங்க கேஸ் எல்லாம் என் கோர்ட்டுக்கு வருது. கிஃப்ட் வாங்கினா தப்பு."

"கிஃப்ட் இல்லம்மா இது, மரியாதை" என்றார் ஆன்ட்டி.

"கமிட்டில பாஸ் ஆயிடுச்சு மேடம்" என்றார் அனந்தராமன் அங்கிள். "மூணுக்கு மூணு."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "கயல், நீ சொல்லு. இது மரியாதையா, கிஃப்ட்டா?"

என் பெயர் அவருக்கு நினைவிருந்தது. இரண்டாவது வரிசையில் அம்மா, 'மரியாதைன்னு சொல்லித் தொலை' என்று கண்ணாலேயே சொன்னாள்.

"கிஃப்ட்தான்" என்றேன். மைக் என் குரலை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. "வாங்கக் கூடாது. அப்புறம்... நான் வாசிச்சதும் தப்பு மேடம். நீங்க மெடிசினைப் பாதியில விட்டீங்க. அம்பத்தொரு ஓட்டுதான் வாங்கினீங்க. நாப்பது தடவைக்கு மேல தனியா நின்னீங்க. அதை நான் எழுதியிருந்தேன். இவங்க எடுக்கச் சொன்னாங்க, நான் எடுத்துட்டேன். நீங்க அப்பவே தடுத்திருக்கணும். பேசாம உக்காந்திருந்தது உங்க தப்பு."

நீதிபதி முதல் முறையாகச் சிரித்தார்.

"செப்டம்பர்ல வந்து ஜாயின் பண்ணு" என்று என்னிடம் சொன்னார். பிறகு மைக்கை வாங்கி, "கயல் சொல்றதுதான் கரெக்ட். இது கிஃப்ட். நான் வாங்கக் கூடாது" என்று தீர்ப்பளித்தார்.

நாகரத்தினம் ஆன்ட்டி தீர்ப்பை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பொன்னாடையை உதறி விரித்தார்.

"சின்னப் பொண்ணு, ஏதோ சொல்றா. எல்லாரும் சாப்பிடாம காத்துக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் குனிம்மா."

நீதிபதி குனிந்தார்.