நடுநாற்காலியில் செம்பாக்கத்தார்

பெரிய மனிதர் ஒருவரை வெயிலில் நிறுத்திவிட்டுக்கூடத் தப்பிவிடலாம். கையைப் பிசைந்துகொண்டு நாலு வார்த்தை சொன்னால் மன்னித்துவிடுவார். தவறான நாற்காலியில் அமர்த்திவிட்டால் மட்டும் மீட்சியே இல்லை. அவரை எழுப்பவும் முடியாது. அவர் அமர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது.

அறுபதுகளின் பிற்பகுதியில் நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். (எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். ஓய்வூதியம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது.) தமிழில் முதுகலைப் பட்டமும், பணி நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையுமே என் சொத்து. எனக்குப் பெண் கொடுக்க இசைந்திருந்த குரோம்பேட்டைத் தலைமையாசிரியர், "பர்மனென்ட் ஆர்டர் வரட்டும் தம்பி, மறுநாளே தேதி குறிச்சிடலாம்" என்றிருந்தார். வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே விளங்கிற்று.

அந்நிலையில்தான் ஆட்சிக்குழுவில் ஓரிடம் காலியாயிற்று. ஆசிரியரோ அலுவலரோ அல்லாத, வெளியுலகத்தைச் சேர்ந்த ஒருவரைக் கொண்டே அதை நிரப்ப வேண்டும் என்பது விதி. படித்தவர்கள் கூடி எடுக்கும் முடிவுகளை, 'ஏன்?' என்று கேட்க ஒருவர் வேண்டுமாம். இரண்டு பெயர்கள் வந்திருந்தன. ஒருவர் செம்பாக்கத்துப் பெருநிலக்கிழார் ஏகாம்பரம். மற்றவர் அனகாபுத்தூர்க் கைத்தறிச் சேலை வணிகர் வரதராஜன். இவ்விருவருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மூவர்: ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஞானமுத்து, ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் எஸ்தர் அம்மையார், எங்கள் பதிவாளர்.

முதல் நாள் பதிவாளர் என்னை அழைத்தார்.

"இதோ பாருய்யா. வர்றவங்க பெரிய மனுஷங்க. இன்டர்வியூங்கிற வார்த்தையே அவங்க காதுல விழக்கூடாது. டீ சாப்பிடக் கூப்பிட்ட மாதிரி இருக்கணும். பேச்சோட பேச்சா நாங்க முடிவு பண்ணிக்குவோம். நீ எல்லாரையும் மரியாதையா உட்கார வச்சா போதும்."

அக்காலத்து நாகரிகம் அது. கௌரவப் பதவிக்கு ஒருவரைப் பரிசீலிப்பது அவருக்கே தெரியக்கூடாது. தெரிந்தால், 'என்னைப் பரிசீலிக்க நீ யார்?' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கிழக்குத் தாம்பரத்தில் இருந்த விருந்தினர் இல்லத்தில் ஏற்பாடு. மின்விசிறிக்கு நேர்கீழே குழுவினருக்கு மெத்தை நாற்காலிகள். மேசைக்கு எதிர்ப்புறம் கைப்பிடியில்லாத மர நாற்காலிகள். பதிவாளர் இருப்புப்பாதைக்கு அந்தப் பக்கம், மூடிய ரயில்வே கேட்டில் சிக்கிக்கொண்டிருந்தார். வரவேண்டிய மற்ற நால்வரையும் நான் முன்பின் பார்த்ததில்லை. பெரியவர்களிடம், 'நீங்கள் யார்?' என்று கேட்பது பண்பன்று என்று வேறு எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

முதலில் வந்தவர்கள் ஒரு பெரியவரும் ஓர் அம்மையாரும். மின்சார ரயிலில் வந்திறங்கி நடந்தே வந்திருந்தார்கள். கையில் குடை, துணிப்பை, செருப்பெல்லாம் செம்மண். வெளியுலகத்தைச் சேர்ந்த எளிய மனிதர்கள் என்று கணித்து மர நாற்காலிகளில் அமர்த்தினேன். சற்று நேரத்தில் ஓர் அம்பாசடர் கார் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறக்க, சரிகை அங்கவஸ்திரமும் ஜவ்வாது மணமுமாக இருவர் இறங்கினர். ஆட்சிக்குழுவுக்கு ஆள் எடுக்கவென்றே பிறந்தவர்கள். மின்விசிறிக்குக் கீழே அழைத்துச் சென்றேன். (எம்.ஏ. படித்த மூளை, சும்மா சொல்லக்கூடாது.)

நால்வரும் புன்னகை செய்தபடி வாளாவிருந்தனர். மௌனம் நீள்வது கண்டு, நடுநாற்காலியில் இருந்தவரின் காதருகே குனிந்தேன்.

"ஐயா, எதிரே இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தரை ஆட்சிக்குழுவுக்கு எடுக்கணும். ஆனா அது அவங்களுக்குத் தெரியக்கூடாது."

"அதுக்குத்தான் கூப்டீங்களா தம்பி? முன்னாடியே சொல்லக் கூடாது?" என்றார் அவர். அவர்தான் செம்பாக்கத்து ஏகாம்பரம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஊர் வழக்குகளைத் தீர்த்துப் பழகியவர். எதிரில் ஒருவர் அமர்ந்துவிட்டால் விசாரணை தொடங்கிவிட வேண்டும் அவருக்கு.

"சாரு இன்னா வேலை பாத்துகினு இருந்தீங்க?"

"மேத்தமேட்டிக்ஸ் ப்ரொபசரா இருந்தேன்."

"கணக்கா? நல்லதாப் போச்சு. எங்க ஏரில மேல்மடை, கீழ்மடைன்னு ரெண்டு கீது. தண்ணி வுட்டா வருசா வருசம் கீழ்மடைக்காரன் சண்டைக்கு வரான். ஒரு வழி சொல்லுங்க."

பேராசிரியர் நிலப்பரப்பைக் கேட்டார், ஆழத்தைக் கேட்டார், பையிலிருந்து தாளெடுத்துச் சமன்பாடு எழுதினார். இறுதியில், நள்ளிரவில் ஒரு முறை மடை மாற்றினால் இருவருக்கும் சமமாகப் பாயும் என்றார்.

"அந்நேரத்துக்குப் பாம்பு கெடக்கும். எவன் போய்த் தொறப்பான்? நீங்க வரீங்களா?"

பேராசிரியரின் முகம் சிவந்தது. "அது என்னோட ப்ராப்ளம் இல்ல" என்றார்.

"அப்ப யாரோடது?"

அடுத்து, பக்கத்தில் இருந்த வரதராஜன் அம்மையாரிடம் திரும்பி, அவர் கல்லூரி முதல்வராக இருந்தவர் என்பதைக் கேட்டறிந்தார்.

"ஏம்மா, உங்க காலேஜ்ல படிச்ச பொண்ணுங்க கைத்தறி கட்டுதுங்களா, நைலெக்ஸ்னு அந்த நைலான் சேலை கட்டுதுங்களா?"

"நைலெக்ஸ்தாங்க."

"ஏன் அப்படி?"

"தெரியலீங்க. நான் கேட்டதே இல்ல."

அவ்வளவில் பதிவாளர் வியர்வையோடு உள்ளே நுழைந்தார். பேராசிரியர் கைப்பிடியில்லாத நாற்காலியின் நுனியில் அமர்ந்து விழிப்பதைக் கண்டார், என்னைக் கண்டார். இடம் மாறிவிட்டது என்று சொன்னால், இது எதற்கான இடம் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது மெத்தை நாற்காலியை ஏகாம்பரத்தின் அங்கவஸ்திரம் பிடித்துக்கொண்டிருந்ததால், பேசாமல் மர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேருன்னுதானே சொன்னீங்க, இவரு யாரு மூணாவது?" என்று என்னைக் கேட்டு, பல்கலைக்கழகத்தில் இருப்பவர் என்று மட்டும் தெரிந்துகொண்டு, ஏகாம்பரம் அவரையும் விசாரித்தார். "பரீட்சையில பெயிலான புள்ளைக்கு, ஏன் பெயிலானான்னு யாராச்சும் சொல்றீங்களா?"

"அந்த வழக்கம் இல்லீங்க."

"ஏன் இல்ல?"

பதிவாளர் மின்விசிறியைப் பார்த்தார். அது அவர்மீது சுழலவில்லை.

தேநீர் முடிந்ததும் ஏகாம்பரம் எழுந்து, எல்லார் காதிலும் விழும் தாழ்ந்த குரலில் எனக்குத் தீர்ப்புச் சொன்னார்: "அந்தம்மாவைப் போட்டுக்கலாம் தம்பி. தெரியாததைத் தெரியாதுன்னுட்டாங்க. பெரியவரு நல்லவருதான், கேள்வி கேட்டா கோவம் வருது. லேட்டா வந்தவரு வேணவே வேணாம்."

கார் மறைந்தபின் குழு கூடியது. "என்னையே இந்தக் குடை குடைஞ்ச மனுஷன் துணைவேந்தரை விடுவாரா? அவரையே போடுங்க" என்றார் பேராசிரியர். ஒருமனதாக முடிந்தது. பதிவாளர் என்னிடம் ஒரே வாக்கியம் சொன்னார்: "அடுத்த மீட்டிங்ல உன் பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன்யா."

நியமன ஆணை கிடைத்ததும் ஏகாம்பரம் நேரில் வந்துவிட்டார். "நான் அந்தம்மாவைத்தானே சொன்னேன்? என்னைப் போட்டுகிறீங்க. சரி, அவங்க வர்ற வரிக்கும் பாத்துக்கறேன்." அம்மையார் இன்று வருவார், நாளை வருவார் என்று தம் பதவிக்காலம் முழுவதையும் அவர் பார்த்துக்கொண்டே கழித்தார்.

அவர் கலந்துகொண்ட முதல் கூட்டத்திலேயே என் தலைவிதி வந்தது. நான் மூலையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். விருந்தினரை வரவேற்பதில் கவனக்குறைவு, ஆகவே பணி நிரந்தரம் வேண்டாம் என்று பதிவாளர் படித்தார். குரோம்பேட்டை என் கண்ணெதிரே விலகிச் சென்றது.

"ஏன் வேணாம்?" என்றார் ஏகாம்பரம். "அன்னிக்கு என்னைக் கை கூப்பிக் கூட்டினு போய், ஃபேனுக்குக் கீழ குந்த வச்சது இந்தத் தம்பிதான். இன்னா கொற கண்டீங்க?"

கண்ட குறையைச் சொன்னால், அன்று நடந்தது இன்னதென்று சொல்லியாக வேண்டும். பதிவாளர் படித்த தாளை மடித்து வைத்தார். பிறகு, "குறை ஒண்ணும் இல்லீங்க" என்றார். நான் நிரந்தரமானேன்.

தலைமையாசிரியர் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால், எஸ்தர் அம்மையார் அவருக்கு நெடுநாளைய நண்பர் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. திருமணத்தன்று காலை என் இருபுறமும் இரண்டு மைத்துனர்கள் காவலாக வந்தார்கள். எதற்கென்று கேட்டேன். "அப்பாதான் அனுப்பினார் மாப்பிள்ளை. மணவறைல நீங்க வேற யாரையாவது மரியாதையா உட்கார வச்சிடுவீங்களாம்."

இன்றும் வாசலில் மணியடித்தால் என் மனைவி உள்ளிருந்தே குரல் கொடுக்கிறாள்: "நீங்க கதவை மட்டும் திறங்க. உட்கார வைக்கறதை நான் வந்து பாத்துக்கறேன்."