பச்சை ஆபீஸ், சிவப்பு ஆபீஸ்: கம்பைநல்லூர்ப் போர்

2026 பிப்ரவரி 9, திங்கட்கிழமை, கம்பைநல்லூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ஹீனா ஜெராக்ஸ் கடையின் இரண்டு கணினிகளும் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றப்பட்டன.

வாழ்க ஹீனா! பட்டா நகலுக்கும் சாதிச் சான்றுக்கும் புகலிடமானவள், லேமினேஷன் வெப்பத்தில் புடம்போட்ட பொறுமையினள், மின்வெட்டுக்கு அஞ்சாத நெஞ்சினள், ஷட்டரைத் தூக்கும் முழக்கத்தால் அடுத்த கடை டீ மாஸ்டரின் துயில் கலைப்பவள். அவளுடைய வலக்கைப் பெருவிரலை வணங்கிவிட்டுத்தான் இந்தக் கதைக்குள் நுழைய வேண்டும். தமிழில் தட்டச்சுச் செய்யத் தொடங்கிய நாள் முதலாக, ஒரு சொல்லைத் தாளின் நடுவுக்குக் கொண்டுபோக அவள் நம்பியது அந்த விரலையும் அதன் ஆளுகைக்கு உட்பட்ட ஸ்பேஸ் பாரையும் மட்டுமே. தட்டுவாள், சொல் நகரும், தலையைச் சாய்த்துக் கண்ணால் அளப்பாள், இன்னும் இரண்டு தட்டுவாள். சொல்லை நடுவில் நிறுத்தவென்றே படைக்கப்பட்ட பொத்தான் ஒன்று திரையின் உச்சியில், கோட்டை வாயிலில் உறங்கிப்போன காவலனைப் போல, ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. அரூரிலிருந்து நல்லம்பள்ளி வரை இந்தத் தொழிலில் இருக்கும் அனைவரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் இதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை.

புதிய விண்டோஸைத் தாங்கும் வலு பழைய கணினிகளுக்கு இல்லை என்று கண்டு, அவற்றை லினக்ஸுக்கு மாற்றியவன் ஓசூரில் கணினி பழுதுபார்க்கும் தௌபிக், ஹீனாவின் கணவனுக்குத் தம்பி. போகும்போது அவன் இரண்டு ஆபீஸ் மென்பொருள்களை ஏற்றிவைத்துவிட்டுப் போனான். ஒன்றின் சின்னம் பச்சை. மற்றதன் சின்னம் சிவப்பு. “ரெண்டையும் ஓட்டிப் பாருங்க பாபி. புடிச்சத வெச்சுக்கிட்டு இன்னொண்ணத் தூக்கிடுங்க. வயசான மிசினு, ரெண்டையும் செமக்காது” என்பது அண்ணிக்கு அவன் இட்ட கட்டளை.

பச்சை ஆபீஸ், கரையேறும் யானையின் நிதானத்தோடு திறந்தது. திறந்தபின் அசையாது நின்றது. சிவப்பு ஆபீஸ், மடை உடைத்த வாய்க்காலைப் போல் பாய்ந்து வந்து, எங்கே எந்தப் பொத்தான் இருக்கிறது என்று தேட வைத்தது. இரண்டு மன்னர்களின் தூதரும் ஒரே நாளில் பெண் கேட்டு வந்த வீடு போல ஹீனா தடுமாறினாள். மனு அடித்தாள், வாடகை ஒப்பந்தம் அடித்தாள், இரண்டிலும் பழுது காணவில்லை. முடிவுக்கு வராமலே அந்த வாரம் போயிருக்கும். ஆனால் வியாழக்கிழமை காலை மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ் வந்து சேர்ந்தது.

அந்த நோட்டீஸின் வரலாற்றை அறியாதவருக்குப் போரின் காரணம் விளங்காது. புளி மண்டி வைத்திருக்கும் பச்சியப்பனும், போர்வெல் வண்டி ஓட்டும் முருகேஷும் சென்ற ஆண்டு பண்டிகைக்குத் தலைமை ஏற்க ஒருசேர எழுந்தபோது, ஊரார் இருவரையும் பகைக்க அஞ்சி ஓர் அரிய உடன்படிக்கை செய்தார்கள். இடப்பக்கம் பச்சியப்பன் பெயர், வலப்பக்கம் முருகேஷ் பெயர். ‘விழாத் தலைவர்’ என்ற பட்டம் மட்டும் ஒன்றே ஒன்று, இருவருக்கும் மேலே, துல்லியமாக நடுவில். அந்த நடுவைக் கண்டுபிடித்து நிறுத்தியது ஹீனாவின் பெருவிரல். ஊரில் ஓராண்டு அமைதி நிலவியது.

இந்த ஆண்டும் இருவரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். “போன வருசத்துதே இருக்கட்டும்மா. தேதிய மட்டும் மாத்திப் போடு” என்றார் பச்சியப்பன். முருகேஷ் தலையாட்டினார். ஹீனா கோப்பைப் பச்சை ஆபீஸில் திறந்தாள்.

பட்டம் இடப்பக்கம் ஒதுங்கி, பச்சியப்பனின் பெயருக்கு நேர் மேலே, முடிசூட்டியது போல் அமர்ந்திருந்தது.

“என்னங்க இது அக்கிரமம்?” என்று முருகேஷ் எழுந்தார். “தலைவரு பட்டம் உங்க தலமேல போயி ஒக்காந்திருக்குது?”

“நானா தூக்கி வெச்சேன்? கம்ப்யூட்டரு வெச்சிருக்குது. அதுக்குத் தெரியாதா யாரு தலைவருன்னு?”

“இருங்கண்ணா, சண்ட வேணாம். இன்னொண்ணுல தொறந்து பாக்கறேன்” என்று ஹீனா பக்கத்துக் கணினியில் சிவப்பு ஆபீஸைத் திறந்தாள். அங்கே அதே பட்டம் வலப்பக்கம் தாவி, முருகேஷின் பெயருக்கு மேல் வெண்கொற்றக் குடையாய் விரிந்து நின்றது.

“இதாம்மா ஆபீஸு!” என்றார் முருகேஷ்.

அக்கணமே போர் மூண்டது. அதுவரை கைபேசியில் ரீசார்ஜ் செய்யவும் மகனைக் கூப்பிட்ட அவ்விருவரும், லினக்ஸில் எந்த ஆபீஸ் மென்பொருள் சிறந்தது என்ற வினாவில், தலைமுறை தலைமுறையாய் அதே துறையில் ஊறித் திளைத்தவர்களைப் போல, ஒருவர்மேல் ஒருவர் சொற்கணை மாரி பொழிந்தனர். பச்சைதான் ஒரிஜினல் என்று பச்சியப்பன் முழங்கினார். சிவப்பில்தான் வேகம் அதிகம், தாலுகா ஆபீஸ் வரைக்கும் அதுதான் என்று முருகேஷ் கர்ஜித்தார். “செவப்பு வைரஸ் புடிச்சதுங்க, பாத்தாலே தெரியுதே” என்று ஒருவர் எறிந்த ஈட்டியை, “பச்ச அவுட் ஆயி அஞ்சு வருசமாச்சு, புளிதான் பழசாவப் பழசாவ வெல போவும்” என்று மற்றவர் கேடயத்தால் தடுத்தார். டீ குடிக்க வந்தவர்கள் இரண்டு அணியாய்ப் பிரிந்து வாசலை அடைத்தார்கள்.

பண்டிகை நோட்டீஸ் கையை விட்டுப் போனால், கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அதன் பின்னாலேயே அரூருக்கு நடையைக் கட்டிவிடும் என்பதை ஹீனா அறிவாள். அந்த வேலைகள் போனபின் இக்கடையில் மிஞ்சுவது ஷட்டர் மட்டுமே. கடையின் பின்புறம் ஒதுங்கி ஓசூருக்குப் போன் போட்டாள்.

“தப்பு ரெண்டுலயும் இல்ல பாபி” என்றான் தௌபிக். “ஸ்பேஸ் தட்டித்தான நடுவுல வெச்சீங்க? உங்க பழைய ஃபான்ட்டு இப்ப மிசின்ல இல்ல. ரெண்டு ஆபீஸும் அதது கிட்ட இருக்கற ஃபான்ட்டப் போட்டு, உங்க காலி எடத்த அதது ஒரு அளவுல அளக்குது. ஸ்பேஸெல்லாம் அழிச்சுட்டு சென்டர் பொத்தான ஒரு அமுக்கு அமுக்குங்க. எதுல தொறந்தாலும் நவுறாது.”

ஹீனா திரும்பி வந்தாள். தன் பெருவிரல் எழுப்பிய வெற்றிடங்களைத் தானே அழித்தாள். நெடுந்துயில் கொண்டிருந்த காவலனை முதன்முறையாகத் தட்டி எழுப்பினாள். பட்டம் நடுவில் வந்து நின்றது. பச்சையிலும் நின்றது, சிவப்பிலும் நின்றது. சென்ற ஆண்டைவிடத் துல்லியமான நடு.

இருவரும் நெடுநேரம் பார்த்தார்கள். தனக்கே தனக்கென்று தன் பெயரின் மேல் பட்டத்தைக் கண்டுவிட்ட கண்கள் அவை.

“என்னமோ யாருக்கும் இல்லாம அந்தரத்துல தொங்குதே” என்றார் பச்சியப்பன்.

“ஆமாங்க, பாக்க நல்லாவே இல்ல” என்றார் முருகேஷ். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஓரிடத்தில்தான். “உன்னால முடியலன்னா சொல்லிடும்மா. அரூர்ல குடுத்துக்கறோம்.”

அரூர் என்ற சொல் விழுந்ததும் ஹீனா நிமிர்ந்தாள். புயலின் நடுவே பாய்மரம் பற்றிய மீகாமனைப் போல மேசையைப் பற்றிக்கொண்டு, கடைத்தெரு கேட்கப் பிரகடனம் செய்தாள்: “யாரும் அரூருக்குப் போவ வேணாங்கண்ணா. இந்த மிசின்ல பச்ச, அந்த மிசின்ல செவப்பு. ரெண்டும் இருக்கட்டும். ஸ்பேஸ் வெச்ச பழைய ஃபைலயே போடறேன். ஆளுக்கு ஐந்நூறு நோட்டீஸ். உங்கள்த உங்க தெருவுல குடுங்க, அவருது அவரு தெருவுல குடுக்கட்டும்.”

வாசலில் கூடிய இரு சேனைகளும் ஆரவாரித்தன. பச்சியப்பன் இசைந்தார். முருகேஷும் இசைந்தார்; ஆனால் அவருடைய பார்வை கடை மூலையில் இருந்த பிரிண்டரின் மேல் விழுந்தது. அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“எதும்மா மொதல்ல வரும்?”

“அத நான் சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு மிசின்ல ஒக்காந்து நீங்களே அமுக்குங்க.”

இருவரும் அமர்ந்தனர். புளி பிடித்துக் கறுத்த விரல் ஒரு சுட்டியின் மேலும், போர்வெல் எண்ணெய் ஊறிய விரல் மறு சுட்டியின் மேலும், இரை நோக்கி வட்டமிடும் இரு பருந்துகளைப் போலக் காத்து நின்றன. ஹீனா கை தட்டினாள். விரல்கள் ஒருசேர வீழ்ந்தன. பிரிண்டரின் விளக்கு சிமிட்டியது, வயிற்றுக்குள் உருளைகள் உறுமின, தாள் ஒன்று இழுபட்டது, கூட்டம் எட்டிப் பார்த்தது.

முதலில் வெளியே வந்தது, காலையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்த கண்ணம்மாளின் ரேஷன் கார்டு நகல்.