ஹீற்றர் அண்ணையின் ஏழு பெட்டிகள்

லண்டன் மாநகரில் மார்கழி மாதத்தில், இடுப்பில் ஒரு சாரம் மட்டும் கட்டிக்கொண்டு, மேலில் ஒரு துண்டுத் துணிகூட இல்லாமல், வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்த ஒரே மனிதப் பிறவி எங்கள் ஹீற்றர் அண்ணைதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்வேன். வேறு யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால் அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

2009ஆம் ஆண்டு. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பழைய வீடு. கீழ்த்தளம் முழுக்க மலர் அக்கா. வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, மேலே இருந்த அறைகளை எங்களுக்கு விட்டிருந்தார். அக்காவின் கணவர் இரவு ஷிப்டுக்குப் போய்விட்டுப் பகல் முழுக்கத் தூங்குவார். ஆகவே இந்தக் கதையில் அவருக்கு வேலை கிடையாது. நடு அறை எனக்கு. அதற்கும் மேலே, கூரைக்கு அடியில் தலை இடிக்கும் உயரத்தில் இருந்த அறை ஹீற்றர் அண்ணைக்கு.

அந்த ஆண்டு ஈழத்துச் சனம் எங்கள் எவருக்கும் சிரிப்பு வந்த ஆண்டு அல்ல. அதற்கான காரணத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஆண்டிலும் நாங்கள் இரண்டொரு முறை வயிறு நோகச் சிரித்தோம் என்றால் அது அவரால்தான்.

அவருடைய உண்மைப் பெயரை நான் கேட்டதே இல்லை. ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். பகலில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நிற்பார். தொடங்கியதைப் பாதியில் விடாதவர். ஒருமுறை குரோய்டனில் பிழையான பஸ்ஸில் ஏறிவிட்டார். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கலாம் அல்லவா? இறங்கவில்லை. கடைசித் தரிப்பிடம் வரை போய், சாரதி வந்து எழுப்பிய பிறகுதான் இறங்கினார். “ஏறினா முடியுமட்டும் போறதுதான் தம்பி. நடுவில இறங்கிறவனை நம்பேலாது” என்றார். அன்று வேலைக்கு இரண்டு மணித்தியாலம் பிந்திப் போனதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் கண்ணில்தான் அந்த ஆண்டு இணையத்தில் அந்தச் சங்கதி பட்டது.

“தம்பி, ஒரு கணக்கு இருக்கு. உலகத்தில இருக்கிற கொம்பியூட்டர் எல்லாம் போட்டி போட்டு அந்தக் கணக்கைச் செய்யுது. ஆரின்ரை பெட்டி முதல்ல விடையைக் கண்டுபிடிக்குதோ, அவருக்குக் காசு.”

“என்ன காசு அண்ணை?”

“பிட்கொயின்.”

“அதை எந்தக் கடையில குடுக்கிறது?”

“ஒரு கடையிலும் வாங்க மாட்டினம்.”

“அப்ப என்னத்துக்கு அண்ணை?”

“இண்டைக்கு வாங்க மாட்டினம். நாளைக்கு வாங்குவினம். நாளைக்கு எண்டு ஒண்டு வராதோ?”



முதலில் அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் ஓடியது. கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய பெட்டி. பிறகு, தனியாக ஓடினால் சரிவராது, ஊரோடு சேர்ந்து இழுக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். தெரிந்த தமிழ் வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டினார். “உங்கட வீட்டில பழைய கொம்பியூட்டர் சும்மா கிடக்கோ? தாங்கோ. கிடைக்கிறதில உங்களுக்கும் பங்கு.” எந்த வீட்டில்தான் சும்மா கிடக்கவில்லை? எறியக் கூலி கேட்பார்கள் என்று கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த சனம், கொண்டுபோக ஓர் ஆள் வந்ததே போதும் என்று தூக்கிக் கொடுத்தது. ஆறு வீட்டிலிருந்து ஆறு பெட்டி வந்தது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பிளாஸ்டர் ஒட்டி, கொடுத்தவர் பெயரை எழுதினார். ஆறு பெட்டியும் சம்பாதிப்பது கறுப்புப் பெட்டிக்குள் போய்ச் சேரும். அதைப் பிறகு பங்கு பிரிப்பதாக ஏற்பாடு.

ஏழு பெட்டிகளும் இரவு பகலாக இரைந்தன. ஏழும் சேர்ந்து கக்கிய சூட்டில் அந்த அறை வெந்நீர்க் கிணறு மாதிரி ஆனது. அன்றிலிருந்து அவர் ஹீற்றர் அண்ணை. முன்கூட்டியே காசு ஏற்றினால்தான் ஓடும் மின்சார மீற்றரின் திறப்புக்குக் காசு போட அவர் தினமும் கடைக்கு ஓடியதைப் பார்த்த கடைக்காரர், நாங்கள் வீட்டில் லோண்டரி நடத்துவதாக நினைத்துத் தன்னுடைய திரைச்சீலைகளைத் தோய்க்கக் கொடுத்துவிட்டார். அண்ணை அவற்றையும் வாங்கி வந்து தோய்த்துக் காயவைத்துக் கொடுத்தார்.

உண்மையில் நாங்கள் எல்லோருமே உடுப்புக் காயப்போட அந்த அறைக்குத்தான் போவோம். தடித்த ஜீன்ஸ்கூட ஒரு மணித்தியாலத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. காயும்வரை அங்கேயே இருந்து பிட்கொயின் விளக்கம் கேட்க வேண்டும். நான் அந்தக் குளிர்காலம் முழுக்க ஈரக் காலுறையோடு வேலைக்குப் போனதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்பு பனி கொட்டியது. தெருவில் எல்லாக் கூரையும் வெள்ளை. எங்கள் கூரை மட்டும் ஓடு தெரியக் காய்ந்து கிடந்தது. இரண்டாம் நாள் கதவில் பொலிஸ். ஒருவர் வயதானவர், ஒருவர் இளையவர். வீட்டுக்குள் விளக்குப் போட்டுக் கஞ்சா வளர்ப்பவர்களின் கூரையில்தான் இப்படிப் பனி நிற்காதாம். மலர் அக்கா என்னைத்தான் முன்னே தள்ளிவிட்டார். நான் அவர்களை மேலே கூட்டிப் போனேன். கதவைத் திறந்தால், சாரத்தோடு அண்ணை.

“வாட் ஆர் யூ க்ரோயிங் ஹியர், சேர்?”

“நோ க்ரோயிங். மைனிங்.”

இளையவர் தரைவிரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தார். அண்ணை இருவரையும் கட்டிலில் உட்கார வைத்தார். தொடங்கினார். ஐந்து நிமிடத்தில் இளையவர் தொப்பியைக் கழற்றினார். பத்து நிமிடத்தில் கோட்டைக் கழற்றினார். அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வயதானவர், யாரோ வயர்லெஸ்ஸில் கூப்பிடுவதாகச் சொல்லி எழுந்தார். அந்த வயர்லெஸ் ஒரு சத்தமும் போடவில்லை. எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

இவ்வளவும் சிரிப்புக் கதை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

மலர் அக்கா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அலுவலகங்களில் தரை துடைக்கப் போகிறவர். கைப்பக்குவம் உள்ள மனுசி. சமையலைத் தொழிலாக எடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தப் பனி வாரத்தில்தான் அவருக்கு முதல் ஓர்டர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் சாமத்திய வீடு, வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சடங்கு. காலைச் சாப்பாட்டுக்கு நானூறு இட்டலி. “சாப்பாடு நல்லா இருந்தா, இனி வாற விசேசம் எல்லாம் உங்களுக்குத்தான் தருவன்” என்று மண்டபக்காரர் சொல்லிவிட்டார். சரிவந்தால் தரை துடைக்கிற வேலையை விட்டுவிடலாம். அக்கா இதைச் சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்த்தால், வேலையை விட்டே விட்டார் என்று நினைப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை, வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்றது. வீட்டுச் சொந்தக்காரர் திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். சனிக்கிழமை காலை அக்கா அரைத்த மா ஐந்து வாளிகளில் அப்படியே குளிர்ந்து போய்க் கிடந்தது. மத்தியானம் வரை ஒரு குமிழிகூட வரவில்லை. லண்டன் குளிரில் மா புளிக்க வைப்பது எங்கள் பெண்களுக்குப் பெரிய தலையிடி. ஆளுக்கொரு வழி வைத்திருப்பார்கள். பொயிலர் அலுமாரிக்குள் வைப்பார்கள், கம்பளியால் போர்த்துவார்கள். அன்று பொயிலரும் இல்லை. சாதாரண ஹீற்றர் ஒன்றைச் செருகிப் பார்த்தோம். வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது.

“கொஞ்சம் ஈஸ்ட் போட்டா என்ன அக்கா?” என்றேன்.

“போட்டா மணக்கும். மூக்கில வைச்சதும் சனம் கண்டுபிடிச்சிடும். முதல் ஓர்டரிலயே ஏமாத்தினவள் எண்டு பேர் வாங்கவோ?” என்றவர், அப்படியே அடுப்படியில் நின்று அழத் தொடங்கிவிட்டார்.

படியில் சத்தம் கேட்டது. ஹீற்றர் அண்ணை. சாரம், மேலில் ஒன்றும் இல்லை, தலையில் மட்டும் ஒரு கம்பளித் தொப்பி. மின்சாரம் போனதால் பெட்டிகள் நின்றுவிட்ட கோபத்தோடுதான் இறங்கி வந்தார். அக்காவைப் பார்த்தார். வாளிகளைப் பார்த்தார்.

“எத்தினை மணிக்குள்ள பொங்கோணும்?”

“இரவு எட்டு மணிக்குள்ள அண்ணை. ஒன்பது மணிக்கு அவிக்கத் தொடங்கினாத்தான் விடியிறதுக்குள்ள நானூறும் முடியும்.”

“தம்பி, தூக்கு.”

ஹீற்றரைக் கழற்றி மின்சாரத்தைத் திரும்பப் போட்டுவிட்டு, ஐந்து வாளியையும் மேல் அறைக்கு ஏற்றினோம். ஏழு பெட்டிகளையும் நெருக்கி வைத்து, நடுவே வாளிகளை வைத்தார். பெரிய வாளி கறுப்புப் பெட்டியின் தலையில். மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. வீடு முழுக்க உறைந்து கிடந்ததால் அந்த அறையின் சூடும் பாதியாகிவிட்டது. மாவின் ஓரத்தில் நான்கைந்து குமிழி வந்ததோடு சரி. அக்கா கதவடியில் நின்று வாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை தான் போர்த்துப் படுக்கும் தடித்த டூவேயைக் கட்டிலிலிருந்து இழுத்தார். வாளி, பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் காற்றுப் புகாமல் போர்த்தத் தொடங்கினார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். “அண்ணை, காத்து இல்லாட்டி பெட்டியள் செத்துப் போகும்!”

“தெரியும்.”

“கறுப்புப் பெட்டிக்குள்ளதானே எல்லாம் கிடக்கு?”

“தெரியும் எண்டு சொன்னனான். மற்றப் பக்கத்தை இழு.”

பிறகு நடந்ததை ஒரு சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். சூடு தாங்காமல் ஒரு பெட்டி நின்றுவிடும். அண்ணை டூவேக்குள் கையை விட்டுத் தடவி, அதைத் திரும்ப இயக்குவார். அடுத்தது நிற்கும். அதையும் இயக்குவார். அவர் உடம்பில் ஆறாக வழிந்தது. “ஓடு, ஓடு, இன்னும் கொஞ்சம்” என்று பெட்டிகளோடு கதைத்தார். ஆறரை மணிக்கு ஒரு பெட்டி நிரந்தரமாகக் கண்ணை மூடியது. ஏழு மணிக்கு இன்னொன்று.

ஏழரை மணிக்கு டூவே அசைந்தது.

நான் பயந்துபோனேன். அண்ணை மெதுவாக மேல் மூலையைத் தூக்கினார். பெரிய வாளியின் மூடியைத் தள்ளிக்கொண்டு மா பொங்கி நின்றது. எங்கள் கண் முன்னாலேயே வாளியின் விளிம்பைத் தாண்டி, கறுப்புப் பெட்டியின் மேல் இருந்த காற்றுத் துளைகளுக்குள் சாவகாசமாக இறங்கியது. “டப்” என்று ஒரு சத்தம். பிறகு கருகல் மணம்.

மலர் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணை வாளிக்குள் விரலை விட்டு, எடுத்து மணந்து பார்த்தார்.

“நல்லாப் புளிச்சிருக்கு பிள்ளை. கொண்டு போ” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானூறு இட்டலியும் பூப் பூவாக வந்தது. சாமத்திய வீட்டில் சனம் இரண்டாம் தரம் வரிசையில் நின்றது. பிறகு அக்கா தரை துடைக்கும் வாளியைத் தொட்டதே இல்லை.

கறுப்புப் பெட்டியை அண்ணை மூன்று நாள் துடைத்தார், காயவைத்தார். கடைசியில் திருத்துகிற ஒரு பெடியனிடம் கொண்டுபோனார். அவன் திறந்து பார்த்துவிட்டு, “இதென்ன அண்ணை, உள்ளுக்கு இட்டலி அவிஞ்சிருக்கு!” என்றான். அண்ணை சிரிக்கவில்லை. மற்றவர்களின் பங்கு போய்விட்டதே என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அக்காவிடம் இட்டலி அவித்துத் தரச் சொல்லி, ஆறு பொட்டலம் கட்டிக்கொண்டு, பனிக்குள் ஆறு வீட்டுக்கும் நடந்தார். “உங்கட பங்கை நான் அழிச்சுப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று வாசலில் நின்று சொன்னார். ஆறு வீட்டாருக்கும் அவர் எதைப் பற்றிச் சொல்கிறார் என்றே தெரியவில்லை. ஒரு வீட்டில் மட்டும், சட்னி இல்லையா என்று கேட்டார்களாம்.

நாளைக்கு என்று அண்ணை சொன்னது பிறகு வரத்தான் செய்தது. பிட்கொயினின் விலை எவ்வளவு ஏறியது என்பது உங்களுக்கே தெரியும், நான் சொல்லி உங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்ப விரும்பவில்லை. அந்தச் செய்தி வந்த காலத்தில் மலர் அக்காவுக்குச் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. ஒருநாள் அண்ணை கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்காக எவ்வளவத்தை விட்டிட்டியள் அண்ணை, எனக்கு நித்திரையே வாறேல்லை” என்று அழுதார்.

அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. “விசர்க் கதை கதைக்காத பிள்ளை. அண்டைக்கு நீ என்ரை கண்ணுக்கு முன்னால அழுதுகொண்டு நிண்டனி. அதுக்குப் பிறகு நான் பெட்டியையோ பாக்கிறது?”

அவ்வளவுதான். பிறகு தலையைக் குனிந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார். நான் எதிரே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுசனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் சொல்லவில்லை, அதுதான் இங்கே எழுதுகிறேன்.