மோந்து பாரு, காவேரி

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை தனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று நவநீதன் திங்கட்கிழமையே முடிவு செய்துவிட்டான். எந்தப் பக்கம் என்பதுதான் பாக்கி. கொஞ்சம் யோசித்து, இடது பக்கம் என்று வைத்துக்கொண்டான். முனகுவதற்கு அதுதான் வசதி.

எல்லாம் தங்கச்சி சுசித்ராவின் போனால் வந்த வினை.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்தறோம். எட்டு மணிக்கெல்லாம் முனியப்பன் கோயிலுக்கு வந்துரு. உன் மடியிலதான் உக்கார வெக்கணும், தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள். அவளுக்குக் கூடப் பிறந்தவன் இவன் ஒருத்தன்தான். தாய்மாமன் மடியை வாடகைக்கு எடுக்கவா முடியும்? ஆனால் மடியில் உட்காரும் குழந்தையின் மூக்கு எங்கே வந்து நிற்கும்? சரியாக இவன் அக்குளுக்கு நேராக. அதை நினைத்தாலே அவனுக்கு வேர்த்தது. வேர்த்ததும் ஓடிப்போய்க் குளித்தான்.

தன் உடம்பு நாறுகிறது என்று நவநீதனுக்கு ஒரு எண்ணம். ரெண்டு வருஷமாக அது அவனைப் பிடித்து ஆட்டுகிறது. பாலக்கோட்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் ஒருநாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள், அதில் ஆரம்பித்தது. ரோட்டோரம் ஒரு லோடு தக்காளி அழுகிக் கிடந்தது. பஸ் மொத்தமும்தான் மூக்கைப் பொத்தியது, டிரைவர் உள்பட. இவன் மட்டும் தன்னால்தான் என்று எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு குளியல். இடது அக்குளுக்குப் பதினோரு தேய்ப்பு, வலதுக்குப் பதினோரு தேய்ப்பு. நடுவில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. சந்தன சோப்பு, அதன்மேல் ரோஸ் பவுடர், அதன்மேல் ஸ்ப்ரே. காரிமங்கலத்தில் அவன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் டேபிள் ஃபேன் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியதே இல்லை. சுவரைப் பார்த்துத்தான் ஓடும், வாசம் அவர்கள் பக்கம் போய்விடக் கூடாதாம்.

குளிப்பதாவது அவன் பாடு. அதற்குப் பிறகு நடப்பது பொண்டாட்டி காவேரியின் பாடு.

"காவேரி, மோந்து பாரு."

"ஒண்ணும் இல்லீங்க."

"மோக்காமயே சொல்ற."

"இதோ மோந்துட்டேன். ஒண்ணும் இல்ல."

"இவ்வளவு நேரம் எதுக்கு யோசிச்ச? அப்ப இருக்குது."

"ஐயோ சாமி, இல்லவே இல்லீங்க!"

"இல்லாததுக்கு ஏன் கத்தற?"

ஒரு நாளைக்கு நாற்பது தடவை. காவேரிக்குச் சலித்தது போய், அழுகை வந்து, அதுவும் போய்விட்டது. ராத்திரி தனிப்பாயில் சுருண்டு படுக்கிற புருஷனைப் பார்த்தால் மட்டும் எழுந்து போய்ப் போர்வையை இழுத்துவிடுவாள். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து பதினோரு மாசம். இந்த மனுஷன் இன்னும் அதைத் தூக்கியதே இல்லை. வாசற்படியில் நின்று கை காட்டிவிட்டு வந்துவிடுவான்.

செவ்வாய்க்கிழமை சந்தை நாள். காவேரி பாலக்கோட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தெருவில் பாதிப்பேர் சந்தையில். உச்சி வெயிலில் கடையைப் பூட்டிவிட்டு வந்து நவநீதன் மூணாவது குளியலில் இறங்கினான். இடது பக்கம் ஏழு, எட்டு, ஒன்பது...

தலைக்கு மேலே, வென்டிலேட்டர் சந்தில், யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"ஸ்ஸ்ஸ்... ம்ம்ம்."

நீளமாக. நிதானமாக. குழம்பு கொதிக்கும்போது மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்களே, அப்படி.

அவன் கையில் சோப்பு நின்றது. குழாயை மூடினான். மறுபடி ஒரு இழுப்பு, இந்தத் தடவை இன்னும் கிட்டத்தில். துண்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினான். ஒருத்தரும் இல்லை. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. சுவரோரத்து மண்ணில் கோழிக்கால் தடம்கூட இல்லை.

சாயங்காலம் காவேரி வந்ததும் சொன்னான். காவேரி வாசலுக்குப் போனாள். பக்கத்து வீட்டு ராமக்காளைக் கூப்பிட்டாள்.

"உச்சிப்பொழுதுல சந்தன சோப்பா?" ராமக்காள் நெஞ்சில் கை வைத்தாள். "ஏம்ப்பா, கறிக்கொழம்பு குடுத்தனுப்பறதுன்னாலே ஒரு அடுப்புக்கரியும் வேப்பெலையும் போட்டுத்தான அனுப்பறோம்? எதுக்கு? காத்து கருப்பு வாசனைக்கு வந்துரும்னுதான. நீ முழு ஆளா மணந்துகிட்டுத் திரிஞ்சா அது சும்மா இருக்குமா?"

நவநீதனுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. ஆனால் அந்தச் சில்லிப்புக்கு நடுவே ஒரு சந்தேகம் தலையெடுத்தது.

"அப்ப... நான் நாறலயா?"

"நாறுனா அது எதுக்கு வந்து மோக்குது?" என்றாள் காவேரி. "பொண்டாட்டி பொய் சொல்லுவா. அது எதுக்குப் பொய் சொல்லுது?"

ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஒரு சாட்சி கிடைத்தது. சாட்சி பேயாக இருந்ததுதான் கஷ்டம்.

புதன்கிழமை காலைக் குளியலில் ஒன்றுமில்லை. ரெண்டாவதில் மூச்சு வந்தது. ஓடி வந்துவிட்டான். வியாழக்கிழமை ரெண்டாவதிலும் வந்தது, பிடிவாதமாக மூணாவது குளித்தான், அதிலும் வந்தது. வெள்ளிக்கிழமை பயந்துபோய் ஒரே குளியல், அதுவும் வெறும் தண்ணீர். நாள் முழுக்க ஒரு சத்தமில்லை. "மோந்து பாரு" என்று கேட்கவும் இல்லை. கேட்டால் வேறு யாராவது மோக்க வந்துவிட்டால்?

சனிக்கிழமை கடையில் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்கு மூளை வேலை செய்தது. பேய்க்கு முதல் குளியல் மட்டும் எப்படி ஆகாமல் போகும்? இது ஆள் செய்கிற வேலை. நேராக வீட்டுக்கு வந்தான். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டான். உடம்பெல்லாம் சோப்பு நுரை, இடுப்பில் துண்டு, பூனை மாதிரி பின்பக்கம் சுற்றி வந்தான்.

கவிழ்த்த அண்டாமேல் காவேரி. வென்டிலேட்டரில் மூக்கு. கண்ணை மூடி, நெஞ்சு விம்ம ஒரு இழுப்பு.

"அடியேய்! நீதானா அந்தக் காத்து கருப்பு?"

காவேரி பதறவில்லை. அண்டாவிலிருந்து இறங்கினாள்.

"ஆமா, நான்தான்."

"புதன்கெழம?"

"நான்தான்."

"வியாழக்கெழம?"

"ரெண்டு தடவயும் நான்தான். மூக்கே வத்திப்போச்சு."

"புருஷன இப்படியாடி பயமுறுத்துவ?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க?" அவள் குரல் உடைந்தது. "நாளைக்கு அந்தப் புள்ள யாரு மடியில உக்காரும்? உங்க தங்கச்சிக்கு உங்கள வுட்டா யாரு இருக்கறா? நான் நாப்பது தடவ சொன்னாலும் நம்ப மாட்டீங்க. பேய் ஒரு தடவ மோந்தா நம்பறீங்க. அதான் நானே பேயாயிட்டேன்."

அவள் சொன்னது அவனுக்கு உறைக்காமல் இல்லை. ஆனாலும் கண்டுபிடித்த பெருமை பெரிசாச்சே. நிமிர்ந்து நின்றான்.

"அப்ப பேயும் இல்ல, சாட்சியும் இல்ல. எல்லாம் உன் வேல. நாளைக்கு எனக்கு இடுப்பு வலி. இடது பக்கம்."

"சரிங்க," என்றாள் காவேரி. அண்டாவை நிமிர்த்தி வைத்தாள். ரெண்டடி நடந்தவள் நின்றாள். "சந்தை நாளன்னைக்கு மோந்தது யாரு?"

"வேற யாரு? நீதான்."

"நான் அன்னைக்கு பாலக்கோட்டுல இருந்தேன். நீங்க குளிக்கப் போறதுக்கு முன்னாடி வீடியோ கால் போட்டு 'மோந்து பாரு'ன்னீங்களே. நானும் எங்கம்மா முன்னாடி போன மூக்குல வெச்சு மோந்தேனே, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை.

"அப்ப ராமக்கா..."

"சந்தையில இருந்துச்சு. உங்களுக்குக்கூட கீரக்கட்டு வாங்கியாந்துச்சே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வந்து சொன்னதக் கேட்டுத்தாங்க எனக்கு இந்த யோசனையே வந்துச்சு."

நவநீதன் உடம்பில் நுரை அப்படியே காய்ந்தது. வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்குப் போலவே ஒரு இலை அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இடுப்பு பிடிக்கவில்லை. வெறும் தண்ணீரில் ஒரே குளியல், பவுடர் இல்லை, ஸ்ப்ரே இல்லை. முனியப்பன் கோயில் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சுசித்ரா குழந்தை வெண்மதியைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். நினைத்த மாதிரியே மூக்கு நேராக அக்குளுக்கு வந்தது. நவநீதன் மூச்சை அடக்கிக்கொண்டான். குழந்தை மேலே பார்த்தது. ரெண்டு பால்பல் தெரியச் சிரித்தது. இவன் மீசையைப் பிடித்து இழுத்தது.

ஆசாரி முதல் காதைக் குத்தினார். வெண்மதி ஊரே கேட்கக் கத்தி, மாமன் மடியை முழுக்க நனைத்தாள். சுடச்சுட. யாராவது வாங்கிக்கொள்ள வந்தால்கூட அவன் கொடுத்திருக்க மாட்டான். ரெண்டாவது காதும் முடிகிறவரை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நீ வர மாட்டேன்னு பயந்துட்டே இருந்தேண்ணே," என்று சுசித்ரா கண்ணைத் துடைத்தாள். அவனும் துடைத்துக்கொண்டான். பதினோரு மாசத்தை வீணாக்கிவிட்டோமே என்று நெஞ்சு வலித்தது.

பிற்பகல் வீடு திரும்பினார்கள். வெயிலில் காய்ந்த வேட்டி விறைத்து நின்றது. இப்போது வருவது எண்ணமில்லை, நிஜ நாற்றம். ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டால் என்ன? வாசலில் காவேரியும் ராமக்காளும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு உள்ளே போனான். சோப்பைப் பிரித்தான். குழாயில் கை வைத்தான்.

"ஸ்ஸ்ஸ்... ம்ம்ம்."

சோப்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தான். ரெண்டு பேரும் உட்கார்ந்த இடத்தில் இருந்தார்கள். மடி நிறைய மொச்சைத் தோல்.

"காவேரி... மோந்து பாரு."

அவள் எட்டி மோந்தாள். முகம் சுருங்கியது.

"ஐயய்யோ, கப்படிக்குதுங்க!"

"நெசமாவா?"

"நாலு வூடு தாண்டி அடிக்குது. கிட்டயே வர முடியல."

ராமக்காள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பாடா! அப்ப அதுவும் வராது," என்று நவநீதன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மொச்சை உரிக்க ஆரம்பித்தான்.