பீல் மிசேயின் கால்சட்டை

புதுச்சேரியில் பேட்டரி வாங்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றபடி நாமெல்லாம் கடைக்காரன் கொடுத்ததை வாங்கி வந்து இருட்டில் வாழ்கிறோம். இதை நான் சொல்லவில்லை. எங்கள் கீழ்வீட்டுக்காரர் பீல் மிசே, பதினோரு வருடம் வாரத்துக்கு இரண்டு முறை என்னிடம் சொன்னது.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்போம். மிசே (பிரெஞ்சில் ‘ஐயா’) அப்படி ஒரு சொல்தா. எந்தப் போரிலாவது சுட்டாரா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் விரல் நீளத்தில் ஒரு டார்ச் வைத்திருந்தார். பட்டப்பகலில் எங்கள் வீட்டுக்கு வந்து அதை உத்தரத்தில் அடித்து, “மாடி வூட்டாரே, மூணு ஒட்டடை இருக்குது பாருங்க” என்பார். என் மனைவி அவருக்குக் காப்பி கொடுப்பதை நிறுத்தியது அந்த வகையில்தான்.

பேட்டரியை அவர் பேட்டரி என்று சொல்ல மாட்டார். பிரெஞ்சில் அது ‘பீல்’. தமிழ்க் கடைக்காரனிடமும் பீல்தான்.

“ரெண்டு பீல் குடுப்பா.”

“இன்னும் எதுவுமே வாங்கலியே சார். அதுக்குள்ள ரெண்டு பில்லு எதுக்கு?”

இந்த உரையாடல் ஒரே கடையில் ஒரே ஆளோடு பல முறை நடந்திருக்கிறது. இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை. கடைசியில் கடைக்காரன் பென்சில் பேட்டரியை எடுத்து வைப்பான். மிசே ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடி மேசை மேல் செங்குத்தாக விட்டுப் பார்ப்பார்.

“கண்ணாடி சார்! கண்ணாடி!”

“தொப்புன்னு நின்னா புதுசு. துள்ளுச்சுன்னா தீந்துபோன பீல்.”

அந்தக் கண்ணாடியில் விழுந்த கீறலுக்கு மேல் இப்போது ஒரு சாமிப் படம் ஒட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் லித்தியம் காலம் வந்தது. இணையத்தில் புது டார்ச் வரவழைத்தார். அதற்குப் பென்சில் பேட்டரி சேராது. குண்டாக, தனியாகச் சார்ஜ் போடுகிற செல் வேண்டும். வாங்கினார். அதன் மேல், கொள்ளளவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று ஒரு எண் அச்சடித்திருந்தது. இரண்டு நாள் அதைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள், அவ்வளவு பெரிய எண் போட்டதெல்லாம் போலி, நல்ல செல் நாற்பத்தைந்து கிராமாவது இருக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டு, என்னை மீன் மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டேன். “அங்கதான் நல்ல தராசு இருக்குது” என்றார்.

மீன்காரம்மாவின் தராசில் இருந்த சங்கரா மீனைத் தள்ளிவிட்டு செல்லை வைத்தார். முப்பது காட்டியது.

“ஏமாத்திட்டான்! எடையில ஏமாத்திட்டான்!” என்று மார்க்கெட்டே திரும்புகிற மாதிரி கத்தினார்.

“யாரய்யா ஏமாத்துனது? எந் தராசயா சொல்ற?” மீன்காரம்மா கத்தியைக் கீழே வைக்காமலே எழுந்துவிட்டார். “தேங்காய்த்திட்டுலேருந்து கூடை தூக்கியாந்து நேர்மையா யாவாரம் பண்றேன். என்னமோ சீசாவக் கொண்டாந்து வெச்சிட்டு என்னையே திருடின்ற?”

மிசே அவருக்கு மின்சாரம் விளக்க ஆரம்பித்தார். நான் வேண்டாத சங்கரா ஒரு கிலோ வாங்கி, அதை சமாதானக் கொடியாகப் பிடித்துக்கொண்டு அவரை வெளியே இழுத்து வந்தேன். போர் முனையிலும் இவர் இப்படித்தான் இருந்திருப்பார் என்றால், பிரான்ஸ் பிழைத்தது ஆச்சரியம்தான்.

ஒரு மாதம் அலைந்து, எடை, நீளம், தயாரித்த மாதம் எல்லாம் பார்த்து, அசல் செல் இரண்டு வாங்கிவிட்டார். ஒன்று டார்ச்சுக்குள். இன்னொன்று, அவசரத்துக்கு, கால்சட்டைப் பைக்குள். அதே பைக்குள் வீட்டுச் சாவிக் கொத்து.

அடுத்து வந்த ஞாயிறு காலை என் மகள் கயலைப் பெண் பார்க்க வந்தார்கள். மூன்று இடம் தட்டிப்போன பிறகு வந்த வரன். பையன் சரவணன், தட்டாஞ்சாவடியில் சின்னதாக வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். மிசேயைக் கூப்பிடவே கூடாது என்று என் மனைவி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு அவரே வந்து, நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பையன் வாயே திறக்கவில்லை. கயல் என்னைப் பார்த்து, ‘இதுவும் ஊமையா?’ என்பது போல் புருவத்தைத் தூக்கினாள். அந்த அமைதியை மிசே பயன்படுத்திக்கொண்டார்.

“உங்க வூட்ல டார்ச்சுக்கு என்னா பீல் போடறீங்க?”

பையனின் அம்மா மிரண்டு போய், “கடையில குடுக்கறதுதாங்க” என்றார்.

“கடையில குடுக்கறதா!” மிசே எங்களைப் பார்த்தார். இந்த வீட்டிலா பெண் கொடுக்கப் போகிறீர்கள் என்ற பார்வை.

அப்போது ஏதோ தீய்கிற வாசனை வந்தது. என் மனைவி “ஐயோ, கேசரி!” என்று சமையலறைக்கு ஓடினாள். கேசரி நன்றாகத்தான் இருந்தது. புகைந்தது மிசேயின் தொடை.

அவர் துள்ளி எழுந்தார். ஒரு பிரெஞ்சு வார்த்தை சொன்னார். பள்ளியில் பிரெஞ்சு படித்த கயல் அதற்கு இன்று வரை அர்த்தம் சொல்ல மறுக்கிறாள். அடுத்த நொடி, சம்பந்தி வீட்டார் முன்னிலையில் மிசேயின் கால்சட்டை தரையில் கிடந்தது. முழங்கால் வரை நீலக் கோடு போட்ட உள்ளாடையும், மேலே கோட்டும் டையுமாக அவர் நின்றார். பையனின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வீட்டுத் தலைவன் என்ற முறையில், சும்மா நின்றேன்.

ஓடியவன் சரவணன்தான். சமையலறையில் இருந்து இடுக்கியோடு வந்தான். புகைகிற கால்சட்டையைக் கவ்வித் தூக்கி, பால்கனியின் வெறுந்தரையில் போட்டான். உள்ளே செல் உஸ்ஸென்று சீறியது.

“யாரும் கிட்ட போவாதீங்க. சாவி பட்டு ஷார்ட் ஆயிருக்குது. தானா ஆறட்டும்” என்றான். எங்கள் வீட்டில் அவன் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

பிறகு மிசேயைக் குளியலறைக்கு நடத்திப்போய், கொப்பளித்த தொடையைக் குழாய்த் தண்ணீரில் காட்டச் சொன்னான். கயல் என் கைலியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவன் அப்பா, “சொல்லி அனுப்பறோங்க” என்று எழுந்துவிட்டார்.

அவர்கள் போனதும் என் மனைவி கீழே போய், தெருவுக்கே கேட்கும்படி, “எம் பொண்ணு வாழ்க்கையில நெருப்ப வெச்சிட்டீங்களே மிசே!” என்றாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக மிசே, என் கைலியைக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

நான்கு நாள் கதவு திறக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஐந்தாம் நாள் சரவணனின் அப்பா தொலைபேசியில் சொன்னார். இரண்டாம் நாளே மிசே காலைத் தாங்கித் தாங்கி நடந்து பட்டறைக்குப் போயிருக்கிறார். வெல்டிங் பொறி பறக்கிற இடத்தில் கோட்டோடு நின்று, “தப்பு என்னுது. அந்தப் பொண்ணு தங்கம். மாடி வூட்டாரு மக்கு, ஆனா நல்லவரு. இத மனசுல வெச்சிக்காதீங்க” என்றிருக்கிறார். என்னைப் பற்றி அவர் வெளியில் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, அதுவும் அந்தத் தரத்தில்.

அவர்களுக்குச் சம்மதம். கயலைக் கேட்டேன்.

“எனக்குப் புடிச்சிருக்குதுப்பா. முன்னாடி வந்த மூணு பேரா இருந்தா, மிசேய வீடியோ எடுத்திருப்பாங்க.”

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மறு வருடம் மிசேயின் மகன் வந்து, தனியாக இருக்க வேண்டாம் என்று அவரைப் பிரான்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கீழ்வீட்டுக்கு ஒரு வங்கிக்காரர் குடிவந்தார். எங்கள் உத்தரத்தில் ஒட்டடை சேர்ந்துகொண்டிருக்கிறது.

ஞாயிறு தோறும் மத்தியானம் இரண்டு மணிக்கு மிசே போன் செய்வார். அங்கே கிடைக்கிற பீல் ஒன்றும் சரியில்லையாம். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு நான் பேப்பர் படிப்பேன். நடுவே இரண்டு ‘ம்’ கொட்டினால் போதும்.

போன ஞாயிறு மூன்று மணி வரை போன் வரவில்லை. நானே போட்டேன்.